இடியோடைப் ஒடுக்கச் சோதனை பிசகும்போது: அறிகுறியிலிருந்து காரணத்தைத் தேடும் முறை

ஓர் எதிர்ப்பொருளின் மாறும் பகுதியில், ஆன்டிஜெனை (நோயெதிர்ப்பைத் தூண்டும் அந்நியப் பொருளை) பற்றும் குழியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் அமைந்துள்ள தனித்த வடிவக் கூறுகளின் தொகுப்பையே இடியோடைப் என்கிறோம். முயல்களில் ஜாக் ஊதேனும் மனிதர்களில் ஹென்றி குங்கலும் 1963இல் இதைக் கண்டறிந்தனர். இந்த வடிவங்களை அதே உடலிலுள்ள பிற லிம்போசைட்டுகள் (பி, டி என்னும் நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள்) அடையாளம் காண்கின்றன என்றும், அவ்வாறு பின்னப்பட்ட வலையே நோயெதிர்ப்பைச் சீராக்குகிறது என்றும் நீல்ஸ் யெர்னெ 1974இல் முன்மொழிந்தார். டி செல்கள் எதிர்வினைக்குத் துணைபுரிவதோடு அதை அடக்கவும் வல்லவை என்று ரிச்சர்ட் கெர்ஷனும் கோண்டோவும் 1970இல் காட்டிய பின், இவ்விரு கருத்துகளும் ஒரே சோதனையில் வந்து சேர்ந்தன. சுண்டெலிக்கு முதலில் இடியோடைப்-எதிரியை (அந்த இடியோடைப்பைப் பற்றும் எதிர்ப்பொருளை) செலுத்தி, பிறகு ஆன்டிஜெனைச் செலுத்தி, அந்த இடியோடைப் சீரத்தில் வருகிறதா, வராமல் ஒடுங்குகிறதா என்று பார்ப்பதே அச்சோதனை.

இதற்குப் பெரிதும் பயன்பட்டவை இரண்டு அமைப்புகள். ஒன்று, ஏ/ஜே எலிகளில் ஆர்சனேட் ஹாப்டனுக்கு (புரதத்தோடு இணைத்தால் மட்டுமே நோயெதிர்ப்பைத் தூண்டும் சிறு மூலக்கூறுக்கு) எதிராகத் தோன்றும் சிஆர்ஐ-ஏ என்ற இடியோடைப். மற்றொன்று, பால்ப்-சி எலிகளில் பாஸ்போரைல்கோலினுக்கு எதிராகத் தோன்றும் டி15 இடியோடைப். கீழே உள்ளவை பெரும்பாலும் இவ்விரண்டைப் பற்றியவை. தொடங்குமுன் ஒரு நிபந்தனை: ஒவ்வொரு சீரத்திலும் ஹாப்டனைப் பற்றும் எதிர்ப்பொருளின் மொத்த அளவு, அதில் இடியோடைப் தாங்கிய பங்கு ஆகிய இரண்டையும் தனித்தனியே அளந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று மட்டுமே கையில் இருந்தால், இனி வரும் எந்த அறிகுறியையும் பிரித்தறிய இயலாது.

இடியோடைப்-எதிரி செலுத்தாத கட்டுப்பாட்டு எலிகளிலேயே இடியோடைப் காணப்படவில்லை

முதலில் எலியின் மரபுவழியைப் பாருங்கள். சிஆர்ஐ-ஏ கனச்சங்கிலி மரபணுத் தொகுதியைச் சார்ந்த பண்பு. பால்ப்-சி எலிக்கு எத்தனை முறை ஆர்சனேட் செலுத்தினாலும் அது ஆர்சனேட்டுக்கு எதிர்ப்பொருளைத் தருமேயன்றி அந்த இடியோடைப்பைத் தராது. பால்ப்-சி பின்னணியிலேயே வேலை செய்ய வேண்டுமென்றால், ஏஎல்/என் எலியின் கனச்சங்கிலித் தொகுதியை ஏற்றிய சி.ஏஎல்-20 வகையைப் பயன்படுத்தலாம்.

மரபுவழி சரியாக இருந்தும் சில எலிகளில் மட்டும் அளவு குறைந்திருந்தால், அது பிழையாக இருக்க வேண்டியதில்லை. ஏ/ஜே எலிகளில் ஆர்சனேட் எதிர்ப்பொருளில் சுமார் 20 முதல் 70 விழுக்காடுதான் சிஆர்ஐ-ஏ. எலிக்கு எலி இந்த வேறுபாடு இயல்பானது. ஒரு குழுவில் மூன்று நான்கு எலிகளை வைத்துக்கொண்டு 'பாதியாகக் குறைந்தது' என்று முடிவு கட்டுவோர், இந்த இயல்பான சிதறலையே ஒடுக்கம் என்று எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு மிகுதி.

டி15 அமைப்பில் மற்றொரு பொறி உண்டு. சிபிஏ/என் எலிகளில் எக்ஸ் குரோமோசோமில் உள்ள பிடிகே மரபணு பழுதுபட்டிருப்பதால், அவை பாஸ்போரைல்கோலினுக்கு ஏறத்தாழ எதிர்வினையே காட்டுவதில்லை. சிபிஏ/என் தாய்க்கும் பால்ப்-சி தந்தைக்கும் பிறந்த குட்டிகளில் ஆண்கள் அனைத்தும் இந்தக் குறையைப் பெறும், பெண்கள் பெறா. இத்தகைய கலப்பின எலிகளை ஆண், பெண் பிரிக்காமல் ஒரே கூண்டுக் கணக்கில் சேர்த்திருந்தால், முடிவு இரு கூறாகப் பிளந்து நிற்கும். அந்தப் பிளவுக்கு வலைப்பின்னல் விளக்கம் எதுவும் தேவையில்லை.

மறு ஊசிக்குப் பின் கட்டுப்பாட்டு எலிகளிலும் இடியோடைப் தேய்கிறது

மொத்த எதிர்ப்பொருள் ஏறிக்கொண்டே போக, இடியோடைப் பங்கு மட்டும் இறங்கும். யாரும் எதையும் ஒடுக்காமலே இது நிகழும். நிணநீர் உறுப்புகளிலுள்ள முளைமையத்தில், எதிர்ப்பொருள் தரும் பி செல்களின் மரபணுக்கள் உடல்வழி மாற்றமடையும்போது, பிணைப்பு வலுவானவை தேர்ந்தெடுக்கப்படுகின்றன. அதே மாற்றம் இடியோடைப்-எதிரி பற்றும் இடத்தையும் சிதைத்துவிடலாம். சி57பிஎல்/6 எலிகளின் என்பி ஹாப்டன் எதிர்வினை இதற்குத் தெளிவான முன்மாதிரி: விஎச்186.2 என்ற கனச்சங்கிலியில் 33ஆம் இடத்திலுள்ள டிரிப்டோஃபேன் லூசினாக மாறினால் பிணைப்பு வலிமை சுமார் 10 மடங்கு கூடுகிறது. பாஸ்போரைல்கோலினைக் கேஎல்எச் புரதத்துடன் இணைத்துத் திரும்பத் திரும்பச் செலுத்தினால் வேறொன்று நிகழும். அங்கே மாற்றத்தைக் காட்டிலும் ஆள்மாற்றமே முக்கியம். ஹாப்டனோடு அதை இணைக்கும் பீனைல் வளையத்தையும் சேர்த்துப் பற்றுகிற, டி15 அல்லாத இரண்டாம் தொகுதி எதிர்ப்பொருள்கள் மேலெழும்.

ஆகவே ஒடுக்கத்தை முதல்நிலை எதிர்வினையிலேயே அளப்பது நல்லது. டி15க்கு, பாஸ்போரைல்கோலினைத் தாங்கிய, கொல்லப்பட்ட ஆர்36ஏ நியுமோகாக்கஸ் பாக்டீரியாவைச் செலுத்தி ஐந்தாம் நாளையொட்டி மண்ணீரலில், எதிர்ப்பொருள் சுரக்கும் செல்களை எண்ணும் பிளாக் சோதனை செய்வது நெடுநாளாகக் கையாளப்படும் வழி.

இடியோடைப் முற்றிலும் மறைந்தது, மொத்த எதிர்ப்பொருளோ குறையவே இல்லை

ஊசி வேலை செய்யவில்லை என்று எண்ணிச் சோதனையைக் கைவிடுவோர் உண்டு. ஆனால் ஏ/ஜே எலிகளில் எதிர்பார்க்க வேண்டிய முடிவே இதுதான். ஆல்ஃபிரட் நிசனாஃபின் குழு 1972இல், முயலில் தயாரித்த இடியோடைப்-எதிரியை ஏ/ஜே எலிகளுக்குச் செலுத்தியபோது, பிறகு ஆர்சனேட் ஊசி பெற்ற அவ்வெலிகள் வழக்கமான அளவில் எதிர்ப்பொருளைத் தந்தன. சிஆர்ஐ-ஏ மட்டும் அதில் இல்லை. ஒடுக்கப்பட்ட பி செல் குலங்களின் (ஒரே செல்லிலிருந்து பெருகிய தொகுதிகளின்) இடத்தை வேறு குலங்கள் நிரப்பிவிட்டன. டி15இல் படம் வேறு. பால்ப்-சி எலியின் பாஸ்போரைல்கோலின் எதிர்வினையில் பெரும்பங்கு டி15ஆகவே இருப்பதால், அதை ஒடுக்கினால் மொத்தமும் கூடவே சரியும். கோசென்சாவும் ஹைன்ஸ் கோலரும் 1972இல் கண்டது இதையே. ஒரே வகை ஊசி இரு மரபுவழிகளில் இரு வகை முடிவைத் தருவதற்குக் காரணம், நிரப்ப வேறு குலங்கள் தயாராக உள்ளனவா என்பதே. ஓர் அமைப்பில் கிடைத்த முடிவை மற்றதற்குப் பொதுவிதியாக நீட்டுபவர்கள் இதைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள்.

ஆயினும், மறைந்தது உண்மையிலேயே மறைந்ததா என்பதை இந்த இடத்தில் நின்று சரிபார்க்காமல் மேலே செல்லக் கூடாது. இந்தத் துறையில் மிகப் பொதுவாக ஏமாற்றும் அறிகுறி இதுவாகத்தான் இருக்க வேண்டும். நாம் செலுத்திய முயல் எதிர்ப்பொருள் வாரக்கணக்கில் எலியின் இரத்தத்தில் தங்கக்கூடும். எலி உருவாக்கும் இடியோடைப்பை அது சீரத்திலேயே பற்றி மூடிவிட்டால், நம் எலிசா (எதிர்ப்பொருளை அளக்கும் சோதனை) தட்டிலுள்ள இடியோடைப்-எதிரிக்குப் பற்ற இடமிருக்காது. மூடி போட்ட பாத்திரத்தைத் திறந்து பாராமல் காலி என்று எழுதுவதற்கு இது ஒப்பாகும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, ஒடுக்கப்பட்ட எலியின் சீரத்தில் அளவறிந்த தூய இடியோடைப்பைச் சேர்த்து, சேர்த்த அளவு முழுவதும் திரும்ப அளவையில் வருகிறதா என்று பார்ப்பது. குறைவாக வந்தால் சீரத்தில் மூடும் பொருள் உள்ளது. அதே சீரத்தில் முயல் இம்யூனோகுளோபுலின் எஞ்சியுள்ளதா என்றும் தனியே அளந்துகொள்ளலாம். இன்னும் உறுதியான வழி, சீரத்தை விட்டுவிட்டுச் செல்லிடம் போவது: யெர்னெயும் நார்டினும் 1963இல் வகுத்த பிளாக் முறையில், ஒவ்வொரு பிளாக்கும் (தட்டில் சிவப்பணுக்கள் கரைந்து தெளிந்த வட்டம்) எதிர்ப்பொருளைச் சுரக்கும் ஒரு செல்லைக் குறிக்கிறது. செல்களை நன்கு கழுவி, தட்டில் இடியோடைப்-எதிரியைச் சேர்த்ததும் எத்தனை பிளாக்குகள் மறைகின்றன என்று எண்ணினால், இடியோடைப் சுரக்கும் செல்களின் பங்கு நேரடியாகக் கிடைக்கும். கட்டுப்பாட்டு எலியில் பெரும்பாலானவை மறைந்து, ஒடுக்கப்பட்ட எலியில் எதுவும் மறையாவிட்டால், ஒடுக்கம் மெய்யானது.

ஒடுங்குவதற்குப் பதிலாக இடியோடைப் கூடிவிட்டது

செலுத்திய எதிர்ப்பொருளின் அளவையும் வகுப்பையும் பாருங்கள். கிளாஸ் ஐக்மான் 1970களின் நடுவில், ஏ/ஜே எலிகளின் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கார்போஹைட்ரேட் எதிர்வினையில் வரும் ஏ5ஏ இடியோடைப்புக்கு எதிராகக் கினிப்பன்றியில் எதிர்ப்பொருள் தயாரித்து, அதை வகுப்புவாரியாகப் பிரித்தார். ஐஜிஜி2 பின்னம் ஒடுக்கியது. ஐஜிஜி1 பின்னமோ எலியை அந்த இடியோடைப்புக்கு முன்கூட்டியே தயார்படுத்தியது. பற்றும் இலக்கு ஒன்றே. வேறுபட்டது எதிர்ப்பொருளின் வால்பகுதி. முழுச் சீரத்தைச் செலுத்துபவர், இந்த இரு எதிரெதிர் விசைகளின் கலவையைச் செலுத்துகிறார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இரு வேறு முயல்களின் சீரங்கள் எதிரெதிர் முடிவைத் தருவதில் வியப்பில்லை.

ஒரே குலத்திலிருந்து பெறும் மோனோகுளோனல் எதிர்ப்பொருளிலும் அளவைப் பொறுத்துத் திசை மாறும். என்பி அமைப்பில் ராயெவ்ஸ்கியின் குழு 1980இல் காட்டியபடி, நானோகிராம் அளவுகள் இடியோடைப்பை ஊக்குவித்தன, மைக்ரோகிராம் அளவுகள் ஒடுக்கின. எனவே ஒற்றை அளவில் சோதனை செய்து 'ஊக்கி' என்றோ 'ஒடுக்கி' என்றோ பெயர் சூட்டாமல், பத்துப் பத்து மடங்காக ஏறும் அளவு வரிசை ஒன்றைப் போட்டுப் பார்ப்பதே முறை.

எலியின் வயதும் முடிவை மாற்றும். பிறந்தவுடன் டி15-எதிரியைப் பெற்ற பால்ப்-சி குட்டிகள் நீண்ட காலம் டி15ஐத் தருவதில்லை. வளர்ந்த எலிகளில் ஒடுக்கம் ஒப்பளவில் விரைவாக விலகும். நீங்கள் எந்த ஊசியும் போடாத குட்டிகளில் ஒடுக்கம் தென்பட்டால், தாய்க்கு முன்பு என்ன செலுத்தப்பட்டது என்று கூண்டுக் குறிப்பேட்டைத் திருப்பிப் பாருங்கள். தாயின் இடியோடைப்-எதிரிகள் நஞ்சுக்கொடி வழியாகவும் தாய்ப்பால் வழியாகவும் குட்டியைச் சேரும். பிறந்த உடனே வேறு தாயிடம் விட்டு வளர்த்தால், பால்வழி வரும் பங்கைப் பிரித்தறியலாம்.

இடியோடைப்-எதிரி எல்லாச் சீரங்களுடனும் வினைபுரிகிறது

முயல் சீரத்திலிருந்து வேண்டாத எதிர்ப்பொருள்களை உறிஞ்சி நீக்கும் படி முழுமையாகவில்லை. டி15 இடியோடைப்பைத் தாங்கிய டிஇபிசி-15 மயலோமாப் புரதம் (எதிர்ப்பொருள் சுரக்கும் செல்களின் புற்றிலிருந்து பெற்றது) ஐஜிஏ வகுப்பும் கப்பா சங்கிலியும் கொண்டது. ஆகவே முயல் சீரத்தைச் சாதாரண எலி இம்யூனோகுளோபுலினோடு மட்டுமன்றி, எம்ஓபிசி-460 போன்ற, இடியோடைப் வேறான இன்னோர் ஐஜிஏ-கப்பா மயலோமாவோடும் உறிஞ்சவிட வேண்டும். பிறகு தனித்த ஹாப்டன் இந்தப் பிணைப்பைத் தடுக்கிறதா என்று பார்த்தால், சீரத்திலுள்ளவை பற்றும் குழிக்கு அருகில் பற்றுபவையா, தள்ளிப் பற்றுபவையா என்பதும் தெரியவரும்.

டி செல்களை நீக்கிய பிறகும் ஒடுக்கம் இடம்மாறுகிறது

ஒடுக்கப்பட்ட எலியின் மண்ணீரல் செல்களை, மிதமாகக் கதிரூட்டிய புதிய எலிக்கு மாற்றினால் அதுவும் ஒடுங்குகிறது. அந்தச் செல்களிலிருந்து டி செல்களை அழித்துவிட்டு மாற்றினாலும் ஒடுங்குகிறது. ஒடுக்கத்தைச் செய்பவை தனி வகை டி செல்களே என்ற ஒடுக்கி டி செல் கருதுகோளுக்கு இதைவிடச் சங்கடமான முடிவு இல்லை. ஆயினும் கருதுகோளைக் கைவிடுமுன் பார்க்க வேண்டியவை சில உள்ளன.

டி செல்கள் உண்மையில் அழிந்தனவா? டி செல்களை அடையாளம் காட்டும் மேற்பரப்புப் புரதமான தை-1 மார்க்கருக்கு இரு மாற்று வடிவங்கள் உண்டு. ஏகேஆர் எலியில் தை-1.1, நாம் வழக்கமாகக் கையாளும் பெரும்பாலான மரபுவழிகளில் தை-1.2. லைட்-2 மார்க்கரும் அப்படியே: சிபிஏ எலியில் லைட்-2.1, பால்ப்-சியிலும் சி57பிஎல்/6இலும் லைட்-2.2. பொருந்தாத எதிர்ப்பொருளைச் சேர்த்து எவ்வளவு காம்ப்ளிமென்ட் (எதிர்ப்பொருள் பற்றிய செல்லைத் துளைத்துக் கொல்லும் சீரப் புரதங்கள்) ஊற்றினாலும் ஒரு செல்லும் சாகாது. மாறாக, நச்சுத்தன்மை கொண்ட முயல் காம்ப்ளிமென்ட் எல்லாச் செல்களையும் கொன்று, 'டி செல்லை நீக்கினோம், ஒடுக்கம் போயிற்று' என்ற பொய்யான மகிழ்ச்சியையும் தரும். காம்ப்ளிமென்ட் மட்டும் சேர்த்த குழு இல்லாத சோதனையை இக்காரணத்தாலேயே நம்ப முடிவதில்லை.

டி செல்கள் அழிந்தது உறுதியானால், அடுத்து ஐயப்பட வேண்டியது பி செல்களை. கொடை எலியே தன் இடியோடைப்புக்கு எதிராக எதிர்ப்பொருள் சுரக்கத் தொடங்கியிருக்கலாம். அந்தச் சுரக்கும் செல்கள் புதிய எலியில் குடியேறிச் சுரப்பைத் தொடர்ந்தால், ஒடுக்கம் தோன்றும், ஆனால் டி செல்லுக்கு அதில் பங்கில்லை. ஏற்பு எலியின் சீரத்தில் எலிவகை இடியோடைப்-எதிரி உள்ளதா என்று அளந்தால் இது வெளிப்படும். கழுவாத செல்களோடு ஒட்டிக்கொண்டு போகும் முயல் எதிர்ப்பொருளும் இதே வேலையைச் செய்யும். எதிர்ப்பொருள் தன் வால்பகுதியால் பி செல்லின் எஃப்சி-காமா-ஆர்2பி ஏற்பியையும், தலைப்பகுதியால் அதே செல்லின் ஆன்டிஜென் ஏற்பியையும் ஒருங்கே பிணைத்தால், அந்த பி செல்லுக்கு நேரடியான தடைச் சமிக்ஞை போகிறது. ஒடுக்கத்தின் முதல் கட்டத்துக்கு இதுவே போதுமான விளக்கம் என்பது என் கருத்து. டி செல் ஒடுக்கத்தைத் தேடுபவர், செலுத்திய எதிர்ப்பொருள் கரைந்து போகும் வரை காத்திருந்து, அதன் பிறகே செல்களை எடுக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகும் டி செல்களை மாற்றிய எலியில் ஒடுக்கம் தென்பட்டால், கடைசியாகத் தனித்தன்மைச் சோதனை. அதே ஏற்பு எலிக்குத் தொடர்பில்லாத இன்னோர் ஆன்டிஜெனையும் செலுத்துங்கள். சிஆர்ஐ-ஏ மட்டும் வீழ்ந்து, மற்ற எதிர்வினை குறையாமல் இருந்தால்தான் அது இடியோடைப் சார்ந்த ஒடுக்கம். இரண்டும் வீழ்ந்தால், நெருக்கடியோ தொற்றோ திசுப் பொருத்தமின்மையோ காரணமாகலாம்.

கண்ணாடித் தட்டில் எந்தச் செல்லைச் சேர்த்தாலும் ஒடுக்கம் வருகிறது

செல் எண்ணிக்கையைக் கூட்டினாலே வளர்ப்பு ஊடகம் தீர்ந்துபோகும். டி செல்கள் பெருகத் தேவையான இன்டர்லூகின்-2ஐச் சேர்த்த செல்கள் உண்டுவிட்டாலும் மற்றவை பெருகா. பிரியும் செல் தன் டிஎன்ஏவில் சேர்க்கும் கதிரியக்கத் தைமிடின் ஏற்பை அளவையாகக் கொண்டிருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். மேக்ரோஃபேஜ்கள் சாதாரணத் தைமிடினை வெளியிட்டுக் கதிரியக்கத் தைமிடினை நீர்க்கச் செய்வதால், செல்கள் நன்றாகப் பிரிந்துகொண்டிருக்கும்போதே கதிரியக்கத்தை எண்ணும் கருவி வீழ்ச்சியைக் காட்டும். சம எண்ணிக்கையில் ஊசி பெறாத எலியின் டி செல்களைச் சேர்த்த கிண்ணம் ஒன்று எப்போதும் இருக்கட்டும். செல்களைக் கண்ணால் எண்ணியும் பாருங்கள்.

பழைய ஆய்வுகளில் சொன்ன மார்க்கர்கள் இன்று கிடைக்கும் செல்களோடு பொருந்தவில்லை

இங்கே பிழை உங்களுடையதாக இருக்க வேண்டியதில்லை. 1976 முதல் ஒடுக்கி டி செல்லின் அடையாளமாகக் கருதப்பட்ட ஐ-ஜே, எலியின் திசுப் பொருத்த மரபணுக்கள் அடங்கிய எச்-2 தொகுதியில் ஐ-ஏ, ஐ-ஈ என்ற பகுதிகளுக்கு இடையே உள்ளதாகப் பி10.ஏ(3ஆர்), பி10.ஏ(5ஆர்) என்ற இரு மரபுவழிகளை ஒப்பிட்டுக் கணிக்கப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் லீராய் ஹூட், மைக்கேல் ஸ்டைன்மெட்ஸ் முதலானோர் அப்பகுதியின் டிஎன்ஏவைக் குளோனிங் செய்து பார்த்தபோது, அங்கே தனி மரபணு ஒன்றுக்கு இடமே இல்லை. இரு மரபுவழிகளும் ஈ-பீட்டா மரபணுவுக்குள்ளேயே பிரிந்திருந்தன. சீரங்கள் எதைப் பற்றின என்ற புதிர் எஞ்சியது. துறையின் நம்பகமோ அதோடு சரிந்தது. ஆகவே ஐ-ஜே சீரத்தால் செல்களைப் பிரித்துப் பெற்ற முடிவுகளை மீட்டெடுக்க முயல வேண்டாம். ஆனால் இடியோடைப் மறைந்ததும், குலங்கள் ஆள்மாறியதும், அந்த நிலை செல்கள் வழியே இடம்மாறியதும் ஐ-ஜேயைச் சாராத அளவைகள். ஐ-ஜேயோடு சேர்த்து அவற்றையும் குப்பையில் போட்டது அவசரம் என்றே கருதுகிறேன்.

ஷிமோன் சகாகுச்சி 1995இல் அடையாளம் காட்டிய சிடி25 தாங்கிய, எதிர்வினையை அடக்கும் சிடி4 டி செல்களும், 2003இல் அவற்றின் ஆளும் மரபணுவாக உறுதிப்பட்ட ஃபாக்ஸ்பி3யும் (இதற்காக 2025இன் நோபல் பரிசை மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோரோடு அவர் பகிர்ந்தார்) பழைய ஒடுக்கி செல்லின் மறுபெயர் அல்ல. பழையவை பெரும்பாலும் லைட்-2, அதாவது இன்றைய சிடி8 தாங்கியவையாக வருணிக்கப்பட்டன. புதியவை சிடி4 பிரிவைச் சேர்ந்தவை. 'ஒடுக்கி டி செல்லை நீக்கினோம்' என்று எழுதுமுன் எந்தச் செல் என்று சொல்லியாக வேண்டும்.

இன்றைய கருவிகளால் நீக்கிப் பார்ப்பவர்களுக்கு இரண்டு சிக்கல்கள் வரும். பிசி61 என்ற சிடி25-எதிரியைச் செலுத்திய பின் அதே பிசி61ஆல் சாயமிட்டால், சிடி25 முழுவதும் போய்விட்டதாகத் தோன்றும். உண்மையில் இடம் மூடப்பட்டிருக்கலாம். வேறிடத்தைப் பற்றும் 7டி4 குலத்தால் சாயமிட்டு, ஃபாக்ஸ்பி3யையும் செல்லுக்குள் சாயமிட்டுப் பாருங்கள். மேலும், ஆன்டிஜென் ஊசிக்குப் பிறகு பிசி61ஐச் செலுத்தினால், அப்போதுதான் விழித்தெழுந்து சிடி25ஐ ஏந்தியுள்ள துணை டி செல்களும் சேர்ந்தே நீங்கும். டிப்தீரியா நச்சால் ஃபாக்ஸ்பி3 செல்களை மட்டும் அழிக்கவல்ல மரபுமாற்ற எலிகளில் இந்தக் குழப்பம் இல்லை. ஆனால் அவை முழுமையாக நீங்கிய எலி சில வாரங்களில் தன்னெதிர்ப்பு நோயால் வீழ்கிறது, அதற்குள் எல்லா வகை எதிர்வினைகளும் கிளர்ந்தெழுகின்றன. அந்த எலியில் டி15 கூடியிருப்பதைக் கண்டால், பாஸ்போரைல்கோலினைப் பற்றும் மொத்தத்தில் டி15இன் பங்கு மாறியதா, அல்லது எல்லாமே ஒரே விகிதத்தில் ஏறியதா என்று கணக்கிட்ட பிறகே அதை இடியோடைப் கட்டுப்பாட்டின் விலகலாக எழுதலாம்.